கன்னத்துக்குப் போன கை

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னைக் கலவரப்படுத்தியது இங்கே உள்ள குளிரோ கன்னடமோ இல்லை. விடியற்காலையில் கையில் ஒன்றுமே இல்லாமல் விறுவிறுவென்று நடந்து போகிற மனிதர்கள்தான். நம் கும்பகோணத்தில் அந்த நேரத்தில் ஒருவர் தெருவில் போனால் கையில் செம்பு இருக்கும். இல்லாவிட்டால் துவைக்கிற வேட்டி, பால் பாத்திரம், பூக்குடலை என்று ஏதாவது இருக்கும். வெறுங்கையை வீசிக்கொண்டு ஒருவர் விரைகிறார் என்றால் மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அல்லது வீட்டில் யாருக்கோ மூச்சுத் திணறி, அவர் டாக்டரை எழுப்பப் போய்க்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் பார்க்கிறவன் கூட ஓடுவதுதான் மரியாதை.

அந்த மரியாதை தெரிந்தவன் நான். பிரேசர் டவுனில் குடிவந்த மறுநாள் காலை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஓர் உயரமான மனிதர் கோட்டும் தொப்பியுமாக வெளிப்பட்டு, என் வீட்டு கேட்டைத் தாண்டி வேகமாகப் போனார். வாயிலிருந்து புகை வேறு வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் யார் வாயைத் திறந்தாலும் காலையில் புகை வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆள் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். “என்ன சார் ஆச்சு?” என்றேன். “நத்திங்” என்றார், நிற்காமல். நத்திங் என்று சொல்கிறவரை எப்படிச் சும்மா விடுவது? கோல்ஸ் பார்க்கைச் சுற்றி, சர்ச்சைத் தாண்டி, அல்சூர் ஏரிக்கரை வரைக்கும் ஓடினேன். அங்கே அவர் நின்று, கோட்டைத் திறந்து, வயிற்றோடு கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியை வெளியே எடுத்தார். துப்பாக்கி என்று முடிவுசெய்து நான் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் அந்தப் பெட்டியை ஏரியில் நின்ற ஒரு கொக்கின் பக்கம் திருப்பி, ஒரு ‘டிக்’ போட்டுவிட்டு, மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

“வெளிய வா மேன். கொக்கே பயப்படல. ஒனக்கு இன்னா?”

அவர்தான் மிஸ்டர் ஆஸ்வால்ட். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆங்கிலோ இந்தியர். ரயில் எஞ்சின் ஓட்டி ரிடையர் ஆனவர். வாழ்நாள் முழுவதும் கரியும் புகையும் சத்தமுமாகப் போனதால், மிச்ச நாளில் சத்தம் போடாத ஒன்றைப் பார்க்கலாம் என்று பறவைகள் பக்கம் வந்ததாகச் சொல்வார். (பறவைகள் சத்தம் போடாதவை என்று எஞ்சின் ஓட்டினவர்தான் சொல்ல முடியும்.) அவருடைய தமிழும் இங்கிலீஷும் கன்னடமும் ஹிந்துஸ்தானியும் ஒரே வாக்கியத்துக்குள் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து பயணம் செய்யும். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எங்கள் தெருவில் பள்ளிவாசல் பாங்கும் மாதா கோயில் மணியும் பக்கத்து வீட்டு முதலியாரின் தேவாரமும் ஒன்றன்பின் ஒன்றாக விடிய வைக்கும். ஒன்று தூங்கிவிட்டாலும் இன்னொன்று எழுப்பிவிடும்.

எனக்குப் பதற்றம் பிறவிச் சொத்து. தந்திச் சேவகன் எதிர்வீட்டுக்குப் போனால்கூட நான் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவேன். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சங்கு ஒரு நிமிஷம் கூடுதலாக ஊதினால் நான் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நிற்பேன். அப்படிப்பட்டவன் தினமும் விடியற்காலையில் பெட்டிக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரிக்கரையில் பறவை தேடி அலைய ஆரம்பித்தது பொழுதுபோக்குக்காக இல்லை. என் அப்பாவுக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அப்பாவின் காபிக்காக.

அப்பா மாயவரம் லைனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு கும்பகோணத்து வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நியமம். காலையில் காவிரியில் குளித்துவிட்டுப் படித்துறையில் நின்று ஆகாயத்தைப் பார்ப்பார். கருடன் வட்டமிட்டு வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பார். கருடன் வராவிட்டால் காபி கிடையாது. நின்றுகொண்டே இருப்பார். ஒரு மழைக்கால நாளில் கருடன் வெகுநேரம் வரவில்லை. வெறும் வயிற்றோடு அண்ணாந்து நின்றவர் தலைசுற்றிப் படித்துறையில் விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. தகவல் வந்ததும் நான் ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் ஷூவுமாக ரயில் ஏறினேன். ஜோலார்பேட்டையில் வண்டி மாறும்போதுதான் அது தெரிந்தது.

“தனியா இருந்தது போதும்ப்பா. என்கூட வந்துடுங்க” என்றேன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து.

“உன் பெங்களூர்ல கருடன் உண்டா?”

“இருக்கும்ப்பா.”

“இருக்கும்னா என்னடா அர்த்தம்? வண்டி வரும்னு ஒருத்தன் சொன்னா நான் லைன் கிளியர் கொடுத்துடுவேனா?”

“நானே பார்த்திருக்கேன். அல்சூர் ஏரியில தினம் சுத்துது.”

“நீ இருட்டில கன்னுக்குட்டியைப் பார்த்துப் புலின்னு ஊரைக் கூட்டினவன். உன் சாட்சி செல்லாது. போட்டோ எடுத்துக்கிட்டு வா. ஏரி தெரியணும், கருடன் தெரியணும். நீ நின்னு எடுத்ததா இருக்கணும். அப்புறம் பார்க்கலாம்.”

அடுத்த முறை அவர் விழும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நினைத்து நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் காபி பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு கருடன் படம் கிடைத்தால் அப்பா பெங்களூர் வருவார். கிடைக்காவிட்டால் அந்தப் படித்துறையிலேயே நிற்பார். விஷயம் அவ்வளவுதான்.

திரும்பி வந்து ஆஸ்வால்டிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினார்.

“ஸ்டேஷன் மாஸ்டரா? மொதல்லயே சொல்லக்கூடாதா மேன்? அப்ப நம்ம ஜாதிக்காரரு. லைன் கிளியர் இல்லாம எப்படி வருவாரு?” என்றவர், உள்ளே போய் நாலைந்து படங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். எல்லாம் கருடன். வெள்ளைத் தலையும் விரித்த இறக்கையும் அத்தனை துல்லியம். “எடுத்துனு போ. குடு அவர்கிட்ட.”

கை நீட்டிவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பா “நீயா எடுத்தே?” என்று கேட்பார், நான் “ஆமாம்” என்பேன், என் காது இரண்டும் சிவக்கும், கன்றுக்குட்டிக் கதையோடு இதையும் சேர்த்துச் சொந்தக்காரர் கல்யாணங்களில் சொல்லுவார். வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் ஆஸ்வால்ட் தம் பழைய பெட்டிக் கேமராவைக் கொடுத்தார்.

பெட்டிக் கேமராவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது. வயிற்றில் வைத்து, குனிந்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். நீங்கள் பார்க்க விரும்பும் பறவை ஆகாயத்தில் இருக்கும். நீங்கள் உங்கள் தொப்புளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். போதாததற்குப் பறவை வலது பக்கம் பறந்தால் கண்ணாடிக்குள் இடது பக்கம் பறக்கும். நான் அதைத் துரத்தி எதிர்ப்பக்கம் திரும்பித் திரும்பி, முதல் நாளே ஒரு சுற்றுச் சுற்றி ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். “ஏரிக்கே பை சொல்ட்ட மேன்” என்றார் ஆஸ்வால்ட்.

ஆனால் அந்தக் காலை நடைகளைப் பற்றி நான் எப்படிச் சொல்வது! கும்பகோணத்தில் நாற்பது வயது வரை இருந்த எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கை, கிளி, கோயில் புறா, பிரசாதம் தின்கிற அணில். (அணில் பறவை இல்லை என்று ருக்மிணி திருத்துகிறாள். ருக்மிணி என் மனைவி.) இங்கே பனி மெல்ல விலகும்போது ஏரி ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். முதலில் தண்ணீர் தெரியாது, தண்ணீர்மேல் நகர்கிற கறுப்புப் புள்ளிகள் தெரியும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள். பார்த்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள் ஏகாதசிக்கு வரிசையாகப் போவது போலவே இருக்கும். முக்குளிப்பான் ஒன்று நம்மைப் பார்த்ததும் மூழ்கிவிடும். இங்கேதான் எழும் என்று நான் பந்தயம் கட்டுகிற இடத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை. கரைக்கல்லில் வாலாட்டிக் குருவி ஒன்று, எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலைமைக் குமாஸ்தா மாதிரி வாலை ஆட்டிச் சம்மதம் தெரிவித்துக்கொண்டே நடக்கும். மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழும்போது அந்த நீலத்தைப் பார்த்து நான் மூச்சு விட மறந்திருக்கிறேன். பிறகு மூச்சு விட மறந்துவிட்டோமே என்று பதறி, இருமி, எல்லாப் பறவைகளையும் விரட்டியும் இருக்கிறேன்.

ஒருநாள் கரைமேல் ஒரு போலீஸ்காரர் வந்தார். தொப்பியும் தடியுமாக நேராக என்னை நோக்கி வந்தார். பக்கத்தில் ராணுவக் குடியிருப்பு. என் கையில் கேமரா. ஊர் முழுக்கச் சீனக்காரன் பேச்சாக இருந்த சமயம். எனக்குள் ஒரு முழு வழக்கு நடந்து, தீர்ப்பாகி, ருக்மிணி பெல்லாரி ஜெயிலுக்கு இட்லி கொண்டுவர ஆரம்பித்துவிட்டாள். அவர் பக்கத்தில் வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தெரிந்த கன்னடத்தில், “ஸ்வாமி, பட்சி! பரீ பட்சி!” என்றேன், வெறும் பறவைதான் என்கிற அர்த்தத்தில். அவர் என் தூக்கிய கைகளைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். தொப்பியை நேராக வைத்தார், மீசையைத் தடவினார், தடியைக் கக்கத்தில் வைத்து விறைப்பாக நின்றார்.

“நந்தொந்து ஃபோட்டோ தெகீரி, ஸ்வாமி” என்றார், வெட்கத்தோடு.

தன்னைத்தான் ஒரு படம் எடுத்துக்கொடுக்கச் சொன்னார்! எடுத்தேன். நடுங்கிய கை நடுங்கியபடியே எடுத்ததால் படத்தில் அவர் இரட்டைப் பிறவி மாதிரி வந்தார். அதற்கும் சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து, எங்கே என்ன பறவை உட்கார்ந்திருக்கிறது என்று தடியால் காட்டிக் கொடுக்கிற ஆள் ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனாலே பழக்கடைக்காரர்கூடக் குரலைத் தாழ்த்துகிற ஊரிலிருந்து வந்தவன் நான். இந்த ஊரின் மேல் எனக்கு ஏன் காதல் வந்தது என்று இனிமேல் கேட்காதீர்கள்.

சரி, கருடன். முதல் முறை அது வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. வெயில் வந்திருந்தது, பனி போயிருந்தது. ஏரியின் நடுத் தீவிலிருந்து கிளம்பி, செம்மண் நிற இறக்கையை அசைக்காமல் விரித்து, வெள்ளைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அது எங்கள் பக்கம் வந்தது. “வருது மேன், ரெடி!” என்றார் ஆஸ்வால்ட். நான் ரெடி. கேமரா வயிற்றில், விரல் விசையில். கண்ணாடிக்குள் அதன் வெள்ளைத் தலை நுழைந்தது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு நான் கண் திறந்தபோது கருடன் போய்விட்டிருந்தது. என் இரண்டு கையும் கன்னத்தில் இருந்தன. கேமரா வாரில் தொங்கி இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆஸ்வால்ட் என்னையே பார்த்தார். “இன்னா ஆச்சு? பல்லு நோவுதா?”

“இல்லை.”

“கொசுவா?”

“சாமி” என்றேன்.

எப்படி விளக்குவது? நான் பிறந்து, கையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, கருடனைக் கண்டால் அது கன்னத்துக்குப் போக வேண்டும் என்று பழகிவிட்டது. அதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. அப்பாவே அப்படித்தான். சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன்: ஸ்டேஷனில் வண்டி புறப்படத் தயாராக நிற்கும். அப்பா பச்சைக் கொடியை எடுத்து ஆட்ட ஆரம்பித்திருப்பார். மேலே கருடன் வரும். கொடியோடு கை கன்னத்துக்குப் போய்விடும். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியால் முகம் துடைத்துக்கொள்கிறார் என்று எஞ்சின் டிரைவர் காத்திருப்பார். மாயவரம் பாசஞ்சர் தாமதமாகப் புறப்பட்டதற்குப் பல காரணங்களை எழுதியிருக்கிறார் அப்பா, இதை எழுதினதில்லை.

இதைச் சொன்னதும் ஆஸ்வால்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். “அதான் மேன்! நெறைய ஸ்டேஷன்ல பாத்திருக்கேன். கொடிய தூக்குவான், உடனே மூஞ்சில போட்டுக்குவான். நாங்க இன்னாடா இது சிக்னல்னு ரூல் புக்ல தேடுவோம்.”

அப்புறம் ஆரம்பித்தது என் கைக்கும் எனக்கும் சண்டை. மறுநாள் கருடன் வந்தது, கை போனது. அதற்கடுத்த நாளும் அப்படியே. “அது சாமி இல்லை, பறவை, பறவை” என்று முணுமுணுத்துக்கொண்டே நின்று பார்த்தேன். வந்ததும், அப்படிச் சொன்னதற்கும் சேர்த்து இரண்டு போடு கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். ருக்மிணி ஒரு யோசனை சொன்னாள்: “கேமராவைக் கையோட சேர்த்துக் கட்டிக்குங்களேன். அப்ப எப்படிப் போகும்?” மப்ளரால் மணிக்கட்டையும் கேமராவையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். கருடன் வந்தது. கை கன்னத்துக்குப் போனது. கட்டியிருந்ததால் கேமராவும் கூடவே போனது. கன்னம் வீங்கி, அன்றைக்கு உண்மையாகவே பல் வலி.

“கறுப்பு வெள்ளைப் படம்தானே? சாதாரணப் பருந்து ஒண்ணை எடுத்துக் கருடன்னு சொல்லிட்டா?” என்று ருக்மிணி கேட்டாள். நல்ல யோசனைதான். பருந்தைப் பார்த்தால் என் கை, வாலாட்டிக் குருவியைப் பார்த்த மாதிரி சும்மா இருக்கும். ஆனால் பருந்துக்கு வெள்ளைத் தலை ஏது? ஓடுகிற கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி விளக்கைத் தூரத்திலிருந்தே சரிபார்த்த கண் அப்பாவுடையது. ஏமாற்ற முடியாது.

ஆஸ்வால்ட் ஒருநாள் கொஞ்சம் பொறுமை இழந்து சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏரிக்கரையைக் காட்டினார். துணி வெளுக்கிற தோபிகள், பாலைத் தூக்கிக்கொண்டு வந்த பால்காரர், போலீஸ்காரர், கீரைக்காரி, நான். கருடன் அப்போதுதான் எங்களைக் கடந்து போயிருந்தது.

“இத்தனை வருஷமா இந்தக் கரையில நிக்கிறேன். அது வந்தவுடனே அல்லாரும் கண்ண மூடிக்கிறீங்க. சாமின்னு சொல்ற நீங்க யாரும் பாக்கறதில்ல. சாமின்னு சொல்லாத நான் ஒருத்தன்தான் தெறந்து பாத்துனு கீறேன். அது எவ்ளோ அழகுன்னு ஒனக்குத் தெரியுமா மேன்? அதோட கண்ணு என்ன கலர்? சொல்லு.”

எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கும்பிட்டதன் கண் என்ன நிறம் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ‘நாளைக்குப் பார்த்தே தீருவது’ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளைக்கும் வந்தது. அன்று மாலை ரயிலில் நான் கும்பகோணம் போக வேண்டும். அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார், தடியூன்றிக்கொண்டு மறுபடி படித்துறைக்குப் போகிறார் என்று சித்தப்பா மகன் எழுதியிருந்தான். இனித் தள்ளிப்போட முடியாது. படம் இல்லாமல் போய் நிற்பதற்கு, பேசாமல் படித்துறையில் அவருக்குக் கீழே ஒரு படியில் மெத்தை போட்டு வைத்துவிடலாம். இரவெல்லாம் தூக்கத்திலேயே விசையை அழுத்தி ருக்மிணியை எழுப்பிவிட்டிருந்தேன். குரங்குக் குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு கரையில் நின்றேன். போலீஸ்காரர் தூரத்தில் தடியைத் தூக்கித் தீவைக் காட்டினார்.

அன்றைக்கு அது மேலே வட்டமிடவில்லை. நேராகத் தாழ்ந்து வந்தது. தண்ணீரைத் தொடுகிற உயரத்தில் வந்து, காலை நீட்டி, தான் நனையாமல் ஒரு மீனை எடுத்துக்கொண்டு எங்கள் தலைக்கு நேராக ஏறியது. நான் கண்ணாடியைப் பார்க்க மறந்துவிட்டேன். அண்ணாந்து, கண்ணைத் திறந்து, முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். பழுத்த இலை நிறத்தில் இறக்கை. அதன் விளிம்பில் விரல் விரலாகப் பிரிந்து நின்ற இறகுகள். பாலில் நனைத்து எடுத்த மாதிரி தலை. காலில் துடிக்கிற மீனிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் குல்லாயில் விழுந்தது. அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கண் பழுப்பு. ஆஸ்வால்ட், பழுப்பு!

அப்புறம் என் கை போனது. இந்தத் தடவை நான் தடுக்கவும் இல்லை.

‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், ஆஸ்வால்ட் பறவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் கேமராவை என் பக்கம் திருப்பி நின்றார்.

“யோவ், என்னய்யா பண்றீர்? அது அங்கே போகுது!” என்று கத்திவிட்டேன். மரியாதையெல்லாம் பதற்றத்தில் போய்விட்டது.

“போகட்டும் மேன். அதை நெறைய எடுத்துட்டேன். இந்த மூஞ்சிங்களை இத்தனை நாளு பாக்கவே இல்ல.”

தன் வீட்டுக் குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அவரே மதியத்துக்குள் படத்தைக் கழுவிக் கொடுத்தார். படத்தில் கருடன் இல்லை. கருடனின் நிழல்கூட இல்லை. குரங்குக் குல்லாயோடு, கண்ணை இறுக மூடி, வாய் திறந்து, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நான். வயிற்றில் ஆடுகிற கேமரா. எனக்குப் பின்னால் ஏரி. கரை நெடுக ஈரத்துணியைத் தோளில் போட்ட தோபிகள், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்ட பால்காரர், தடியைக் கக்கத்தில் இடுக்கிய போலீஸ்காரர், கீரைக்காரி. எல்லார் கையும் முகத்தில் அல்லது கூப்பினபடி. எல்லார் கண்ணும் மூடி. அதை எடுத்துக்கொண்டு, திருச்சி வரை வேறு பொய் எதையாவது யோசித்துக்கொண்டு, திருச்சிக்கு மேல் யோசிக்கவும் சக்தியில்லாமல் கும்பகோணம் போய்ச் சேர்ந்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தார்.

“கருடன் எங்கேடா?”

“இல்லப்பா. படத்துக்கு மேல போயிட்டுது.”

“இது யார்?”

“பால்காரர். கன்னடக்காரர்.”

“இந்தப் போலீஸ்காரன்?”

“அவரும் அங்கத்து மனுஷர்தான்.”

“இந்தக் குரங்கு?”

“நான்ப்பா.”

“இதை யார் எடுத்தது?”

“மிஸ்டர் ஆஸ்வால்ட். எஞ்சின் டிரைவரா இருந்தவர். நீங்க என்னை எடுக்கச் சொன்னீங்க, எனக்குத்தான்... கை நிக்கலப்பா. ஒவ்வொரு தடவையும் போயிடுது.” என் காது சிவந்தது, உண்மையைச் சொன்னதற்கே.

அப்பா படத்தைத் திருப்பி வைத்தார். பிறகு தடியை எடுத்துச் சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியைக் காட்டினார்.

“அதை இறக்கு. என் ரெண்டு கம்பளியும் அதுலதான் இருக்கு.”

“அப்பா?”

“காக்காய்க்கு ஒரு ஊர் பூரா நின்னு கன்னத்துல போட்டுக்காது. லைன் கிளியர்.” பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த என் முதுகைப் பார்த்து மறுபடி சொன்னார்: “நீ கருடனைப் படம் எடுத்துக்கிட்டு வந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன், தெரியுமா? கருடாழ்வார் நேரா வரும்போது கன்னத்துல போட்டுக்காம ஒருத்தன் விசையைத் தட்டிக்கிட்டு நிக்கிறான்னா, அவன்கூட நான் எதுக்கு வந்து இருக்கணும்?”

நான் பெட்டியை என் கால்மேல் போட்டுக்கொண்டேன். வலித்தது தெரியவில்லை.

அப்பா இப்போது பிரேசர் டவுனில்தான் இருக்கிறார். காலையில் குல்லாய், மப்ளர், இரண்டு கம்பளி சகிதம் ஏரிக்கு வருவார். ஆஸ்வால்டும் அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வருஷம் எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் யாருடைய தப்பால் நின்றது என்று வாய்ச்சண்டை போடுவார்கள். கருடன் வரும். அப்பா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்; ஆஸ்வால்ட் கண்ணைத் திறந்து படம் எடுப்பார். பிறகு இரண்டு பேரும் ருக்மிணி கொடுத்தனுப்பிய பிளாஸ்கிலிருந்து காபி குடிப்பார்கள். போலீஸ்காரர், “ஏன் ஸ்வாமி, கருடா பந்தா?” என்று, கருடன் வந்ததா என்பதைத் தினமும் அப்பாவிடம் கன்னடத்தில் விசாரிக்கிறார். அப்பா தமிழில் பதில் சொல்கிறார். இரண்டு பேருக்கும் போதுமாக இருக்கிறது.

நான் விடவில்லை. விடாமல் நின்று நின்று, இப்போது கருடனைக் கண்டால் என் கை கேமராவை விடுவதில்லை. நல்ல படங்கள் சில வந்திருக்கின்றன. பழுப்புக் கண் தெரிகிற மாதிரி ஒன்றுகூட இருக்கிறது. அப்பாவிடம் காட்டவில்லை.

போன மாதம் வீட்டை வாடகைக்கு விடுவதற்காக அப்பாவும் நானும் கும்பகோணம் போயிருந்தோம். மறுநாள் காலை படித்துறையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றோம். தென்னந்தோப்புக்கு மேலிருந்து கருடன் வந்தது. காவிரிக்கு மேல் ஒரு வட்டம். படித்துறை முழுவதும் கைகள் கன்னத்துக்குப் போகிற சத்தம், மழை இலையில் விழுகிற மாதிரி, மெல்லக் கேட்டது. என் கைகளும் போயின. வயிற்றுக்கு. அங்கே ஒன்றும் இல்லை, ஈர வேட்டிதான். ஒரு கை, அங்கே இல்லாத கேமராப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது. ஒரு விரல், அங்கே இல்லாத விசையை அழுத்தியது. கண் திறந்தே இருந்தது.

பக்கத்துப் படியில் நின்ற மளிகைக்கடை நாயுடு என்னைப் பார்த்துப் பதறினார். “என்ன தம்பி, வயித்து வலியா?”

அப்பா கண்ணைத் திறக்காமல், கன்னத்திலிருந்து கையை எடுக்காமல், எனக்காகப் பதில் சொன்னார்:

“வலியெல்லாம் ஒண்ணுமில்லை, நாயுடு. அவன் பெங்களூர்க்காரன்.”

பெங்களூரில் பால்காரர் என்னை மதராஸ்காரர் என்றுதான் கூப்பிடுகிறார். அதை நாயுடுவிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் கருடன் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டது. நான் ஒரு கையை மெதுவாக வயிற்றிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். இன்னொரு கை இருந்த இடத்திலேயே இருந்தது.